கம்பத்தைக் குறுக்கினால் கோல்கீப்பர் வளர்வாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் கால்பந்து பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். இந்த ஆட்டத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் கோல்கீப்பர்களைப் பற்றிச் சொல்லியிருந்த ஒரு கருத்தை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. பெண் கோல்கீப்பர்கள் உயரம் குறைந்தவர்கள், அதனால்தான் தலைக்கு மேலே வரும் பந்துகள் கோலாகிவிடுகின்றன, ஆகவே பெண்களுக்குக் கோல் கம்பத்தின் அளவைக் குறைத்துவிடலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார்.

இது புதிய யோசனை இல்லை. இங்கிலாந்தின் செல்சி பெண்கள் அணியின் பயிற்சியாளராக இருந்த எம்மா ஹேய்ஸ் 2020-ல் இதே யோசனையை முன்வைத்தார். ஆட்டத்தை உள்ளும் புறமும் அறிந்தவர், நல்லெண்ணத்தோடு சொன்னவர். அப்படியும் எங்களால் அதை ஏற்க முடியவில்லை. பெண் கோல்கீப்பரிடம் நாம் காணும் குறை உடம்பில் இல்லை. அவருக்குப் பயிற்சி எந்த வயதில் தொடங்கியது, யார் கொடுத்தார், எத்தனை ஆண்டு விடாமல் கிடைத்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கோல்கீப்பரின் விளையாட்டு வாழ்க்கை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இது விளங்கும்.

முதலில் அளவுக் கணக்கு. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். பெனால்டி புள்ளி 11 மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே எதிரணி வீராங்கனை ஒருவர் அந்த இடத்தில் பந்தோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோல்கீப்பர் கோட்டின் மேலேயே நடுவில் நின்றால் பக்கத்துக்கு 3.66 மீட்டர் காக்க வேண்டும். மூன்று மீட்டர் முன்னே வந்து நின்றால் பக்கத்துக்கு 2.66 மீட்டர் காத்தால் போதும். ஒரு முழு மீட்டர் மிச்சம். கம்பத்தின் அகலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறைத்தாலும் பக்கத்துக்கு 18 சென்டிமீட்டர்தான் மிச்சமாகும். உயரக் கணக்கும் அப்படியே. தரையிலிருந்து கோலின் மேல் கம்பமான கிராஸ்பாருக்குக் கீழே நேர்கோட்டில் போகும் பந்து, மூன்று மீட்டர் முன்னே நிற்கும் கோல்கீப்பரைக் கடக்கும்போது சுமார் 1.77 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். நடுத்தர உயரமுள்ள கோல்கீப்பருக்கு அது தலை மட்டம்.

தலைக்கு மேலே தூக்கிப் போடும் பந்து வேறு கதை. அதிலும் கைக்கு எட்டவில்லை என்பது பெரும்பாலும் பிழையான தீர்ப்பு. 1.73 மீட்டர் உயரமுள்ளவர் கையை உயர்த்தினால் சுமார் 2.2 மீட்டர் எட்டும். முப்பது நாற்பது சென்டிமீட்டர் எம்பினால் கிராஸ்பாருக்கு மேலேயே கை போய்விடும். கோல் ஏன் விழுகிறது? பந்து தலைக்கு மேலே போவதைக் கண்டதும், முகத்தைப் பந்தின் பக்கம் வைத்தபடியே குதிகாலில் பின்னோக்கி நடக்கிறார். குதிகாலில் எடை விழுந்த பிறகு யாராலும் எம்ப முடியாது. செய்ய வேண்டியது வேறு: இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே போட்டு இரண்டு மூன்று எட்டு ஓடி, ஒற்றைக் காலில் எம்பி, உள்ளங்கையால் பந்தைக் கிராஸ்பாருக்கு மேலே தூக்கிவிட வேண்டும். பன்னிரண்டு வயதில் தொடங்கி வாரம் தவறாமல் பழகினால்தான் யோசிக்காமல் வரும். இருபது வயதில் முதல்முறை கற்பவருக்கு ஆட்டத்தின் பதற்றத்தில் பழைய கால் பழக்கமே திரும்பிவரும்.

பந்து உதைபடும் கணத்தில் கோல்கீப்பரின் கால்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். பெனால்டி பகுதியின் விளிம்பு கோலிலிருந்து 16.5 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, அதாவது நொடிக்கு 20 மீட்டர், அந்தத் தூரத்தை சுமார் 0.8 நொடியில் கடக்கும். கண் கண்டு மூளை முடிவெடுக்கவே கால் நொடி போய்விடுகிறது. அந்த நேரத்தில் கோல்கீப்பர் இன்னும் முன்னே நடந்துகொண்டிருந்தால், ஒரு கால் காற்றில் இருக்கும். அதை ஊன்றிய பிறகுதான் பக்கவாட்டில் பாய முடியும். அந்த இடைவெளியில் பந்து இன்னும் மூன்று நான்கு மீட்டர் வந்துவிடும். அதனால்தான் உதைக்கும் காலைப் பார்த்து, அது பின்னே போகும்போதே நின்றுவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். கால்கள் தோள் அகலத்தில், எடை முன்பாதத்தில், கைகள் இடுப்பு உயரத்தில் உடம்புக்குச் சற்று முன்னே, உள்ளங்கை பந்தைப் பார்த்து. ஒரு மீட்டர் குறைவாக முன்னே வந்தாலும் பரவாயில்லை, நின்றிருக்க வேண்டும். தொலைக்காட்சியில் பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரிவதில்லை. கை எட்டாதது மட்டும் தெரிகிறது.

இப்போது ஒரு விளையாட்டு வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மேரி ஏர்ப்ஸ் 1993-ல் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். உயரம் 1.73 மீட்டர், கட்டுரையாளரின் அளவுகோலில் குள்ளம். டான்காஸ்டர் பெல்ஸ், பர்மிங்ஹாம், பிரிஸ்டல், ரெடிங் என்று அணி மாறி அணி ஆடினார். ஆடிக்கொண்டே லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் படித்து 2016-ல் பட்டம் பெற்றார். இங்கிலாந்துப் பெண்கள் சூப்பர் லீக் முழுநேரத் தொழில்முறை லீகாக மாறியது 2018-ல்தான். அந்த ஆண்டு அவருக்கு வயது 25. ஓர் ஆண் கோல்கீப்பருக்குப் பதினாறு வயதிலேயே தினப் பயிற்சியும் தனிக் கோல்கீப்பர் பயிற்சியாளரும் கிடைக்கும் நாடு அது. அதே நாட்டில் 1921 முதல் 1971 வரை, கால்பந்துச் சங்கத்தின் மைதானங்களில் பெண்கள் ஆடவே தடை இருந்தது. ஜெர்மனியிலும் 1955 முதல் 1970 வரை தடை. இரண்டு தலைமுறை ஆடவில்லை என்றால், மூன்றாம் தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க ஆள் எங்கிருந்து வருவார்? உயரத்தைப் பற்றிப் பேசுமுன் இந்த ஐம்பது ஆண்டைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஏர்ப்ஸ் 2018-ல் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் அணிக்குப் போனார். அங்கே அல்முத் ஷுல்ட் முதல் கோல்கீப்பர். இவருக்கு ஆட்டம் அதிகம் கிடைக்கவில்லை. 2019 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்தின் மூன்றாவது கோல்கீப்பராகப் போய், ஒரு நிமிடமும் ஆடாமல் திரும்பினார். அந்த ஆண்டு நவம்பரில் வெம்பிளியில் ஜெர்மனிக்கு எதிராக ஆடி 1-2 எனத் தோற்றபின், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நாட்டு அணியில் இடமில்லை. ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று எண்ணிய காலம் அது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2021 செப்டம்பரில் புதிய பயிற்சியாளர் சரீனா வீக்மன் திரும்ப அழைத்தார். அடுத்த கோடையில் ஐரோப்பியக் கோப்பையான யூரோ 2022. ஆறு ஆட்டங்களிலும் ஒரு நிமிடம் விடாமல் ஆடினார். விட்ட கோல் இரண்டு: காலிறுதியில் ஸ்பெயினிடம் ஒன்று, இறுதியில் ஜெர்மனியிடம் ஒன்று. இங்கிலாந்து கோப்பையை வென்றது. 2022-23 லீக் பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காகப் பதினான்கு ஆட்டங்களில் கோலே விடவில்லை. 2023 உலகக் கோப்பை இறுதியில், சிட்னியில், ஸ்பெயினின் ஹென்னி எர்மோசோ உதைத்த பெனால்டியைத் தட்டிவிடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து 0-1 என்று தோற்றாலும், தொடரின் சிறந்த கோல்கீப்பர் விருது அவருக்கே வந்தது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் சிறந்த பெண் கோல்கீப்பர் விருதும் 2022, 2023 என அடுத்தடுத்த இரு ஆண்டுகள்.

இருபத்தாறு வயதில் ஒதுக்கப்பட்டவர், முப்பது வயதில் உலகின் முதல் கோல்கீப்பர். இடையில் அவர் ஒரு சென்டிமீட்டரும் வளரவில்லை. முழுநேரப் பயிற்சியும், தொடர்ந்து ஆடும் வாய்ப்பும், நம்பிய ஒரு பயிற்சியாளரும் கிடைத்தது மட்டுமே மாறியது.

இந்த இடத்தில் சட்டை விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். 2023 உலகக் கோப்பையின்போது, இங்கிலாந்து அணியின் உடை தயாரிப்பாளரான நைக்கி, களத்தில் ஆடுகிறவர்களின் சட்டையைக் கடைக்குக் கொண்டுவந்தது, கோல்கீப்பர் சட்டையை விற்கவில்லை. ஏர்ப்ஸ் அதை வெளிப்படையாகக் கேட்டார். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கோரிக்கை மனுவில் கையெழுத்திட்டனர். பிறகு குறைந்த எண்ணிக்கையில் விற்பனைக்கு வந்தது, வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. இது வெறும் வியாபாரச் சங்கதி இல்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நிற்கும் பத்து வயதுச் சிறுமிதான் நாளைக்குக் கோலில் நிற்கப்போகிறவள்.

பொறுமையின் அளவை அறிய ஜெர்மனியின் நாடினே ஆங்கரரைப் பார்க்க வேண்டும். 1996-ல், பதினேழு வயதில் நாட்டு அணிக்கு ஆடத் தொடங்கினார். அவருக்கு முன்னே சில்கே ரோட்டன்பெர்க் இருந்தார். 2003-ல் ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோது ஆங்கரர் பெஞ்சில் இருந்தார். ரோட்டன்பெர்க்குக் காயம் ஏற்பட்ட பிறகு, 2007-ல்தான் முதல் இடம் கிடைத்தது. பதினோரு ஆண்டுக் காத்திருப்பு. சீனாவில் நடந்த அந்த உலகக் கோப்பையில் ஆறு ஆட்டம், 540 நிமிடம், ஒரு கோலும் விடவில்லை. இறுதியில் பிரேசிலின் மார்த்தா உதைத்த பெனால்டியையும் தடுத்தார். யூரோ 2013 இறுதியில் நார்வேயின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார், ஜெர்மனி 1-0 என வென்றது. அந்த ஆண்டு ஃபிஃபாவின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குக் கிடைத்தது. ஆண், பெண் இரு பிரிவிலும் அந்த விருதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவர்தான். அவர் உயரம் 1.75 மீட்டர்.

கோலில் நிற்பவருக்கு இந்தக் காத்திருப்பு தொழிலின் பாதி. முன்கள வீராங்கனைக்கு எழுபதாவது நிமிடத்தில் மாற்று ஆளாக இறங்கி இருபது நிமிடம் ஆடும் வாய்ப்பு உண்டு. கோல்கீப்பருக்கு அது இல்லை. முதல் ஆளுக்குக் காயமோ சிவப்பு அட்டையோ வந்தால் ஒழிய இரண்டாவது ஆள் இறங்க மாட்டார். மூன்றாவது ஆள் பயணத்துக்கும் பயிற்சிக்கும் மட்டும். சரியாக நடத்தாத அணிகளில் இந்த இருவரும் முதல் ஆளுக்குப் பந்து உதைத்துக் கொடுக்கும் வேலையாட்களாகிவிடுகிறார்கள். ஆறு மாதம் அப்படி இருந்தால் கை மறக்காது, ஆனால் முடிவெடுக்கும் வேகம் போய்விடும். பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னே தூக்கிப் போடும் கிராஸ் பந்துக்கு வெளியே வரலாமா நிற்கலாமா என்பது நிஜ ஆட்டத்தில் பத்துப் பேர் நெரிசலில் மட்டுமே பழகும். ஆகவே இரண்டாவது கோல்கீப்பருக்கு வாரம் ஒரு முழு ஆட்டமாவது கிடைக்க வேண்டும். உள் ஆட்டமோ, இளையோர் அணியோ, வேறு அணிக்கு ஒரு பருவம் கடனாக அனுப்புவதோ, எதுவானாலும் சரி. அது முடியாத வாரங்களில், இரு மூலைகளிலிருந்தும் நாற்பது கிராஸ் பந்து, நடுவே ஆறு பேர் உடம்பால் இடித்துக்கொண்டு நிற்க. இதற்குக் குறைந்து எதுவும் போதாது.

பெனால்டிக்கு வருவோம், ஏனென்றால் கோல்கீப்பரை மக்கள் நினைவில் வைப்பது அதை வைத்துத்தான். 1999 உலகக் கோப்பை இறுதியில், அமெரிக்காவின் பிரயானா ஸ்கரி சீனாவின் லியூ யிங் உதைத்ததைத் தடுத்தார். தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கண்முன்னே கோல் கோட்டைத் தாண்டி முன்னே பாய்ந்து தடுத்தது அது. இன்றைக்கு அப்படிச் செய்தால் உதையை மறுபடி எடுக்கச் சொல்வார்கள். 2019-ல் மாறி, 2022-ல் சற்றுத் திருத்தப்பட்ட விதிப்படி, பந்து உதைபடும் கணத்தில் கோல்கீப்பரின் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். அந்த விதி புதிதாக வந்தபோது நடந்த 2019 பெண்கள் உலகக் கோப்பையில், ஸ்காட்லாந்தின் லீ அலெக்ஸாண்டர் அர்ஜென்டினாவின் பெனால்டியைக் கடைசி நேரத்தில் தடுத்தார். வீடியோ நடுவர் பார்த்து மறுபடி உதைக்கச் சொன்னார், கோலானது, ஆட்டம் 3-3, ஸ்காட்லாந்து வெளியேறியது. பல ஆண்டுப் பழக்கத்தைச் சில வாரங்களில் மாற்றச் சொன்னால் இப்படித்தான் ஆகும். இதைப் பழக்கும் முறை எளிது: கோட்டின் மேல் ஈரச் சாக்குத் துண்டு ஒன்றை விரித்து, எந்தப் பக்கம் பாய்கிறாரோ அதற்கு எதிர்க் கால் பந்து உதைபடும் வரை அதைவிட்டு எழாமல், மற்றக் கால் மட்டும் முன்னே சாய்வாகப் போகப் பழக வேண்டும். ஒருவர் பக்கத்தில் நின்று கைப்பேசியில் பதிவு செய்து உடனே காட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் பிடிபடும்.

ஸ்கரியின் பெயரை எடுத்ததால் அவர் ஆட்டம் எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரலில், தாழ்வாக வந்த பந்தைக் குனிந்து எடுக்கும்போது எதிரணி வீராங்கனையின் முழங்கால் அவர் நெற்றிப்பொட்டில் மோதியது. அத்தோடு விளையாட்டு முடிந்தது. தலைவலியும் மனச்சோர்வும் மூன்றாண்டுகளுக்கு மேல் விடவில்லை. 2013-ல் பிடரி நரம்பில் அறுவை செய்த பிறகே விடிவு வந்தது. இடையில் வறுமையில் ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களையே அடகு வைத்தார். 2017-ல் அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் இடம் பெற்றார். கோல்கீப்பரின் தலை எப்போதும் மற்றவர்களின் முழங்கால் உயரத்துக்கு இறங்கிப் போகிறது. அதனால் தாழ்ந்த பந்துக்குப் போகும்போது நெஞ்சைப் பந்தின் பின்னால் கொண்டுவந்து, பந்தைப் பிடித்ததும் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மேல்புற முழங்காலை மடக்கி உடம்பைக் காத்துக்கொள்ளச் சொல்லித்தர வேண்டும். தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. எழுந்து நின்று தலையசைத்தாலும் முடிந்ததுதான். 2024 முதல் விதிப் புத்தகத்திலேயே, தலையடிக்கென்று வழக்கமான எண்ணிக்கைக்கு வெளியே மாற்று ஆளை இறக்க வழி இருக்கிறது. மாவட்டப் போட்டி நடத்துவோர் இதைத் தங்கள் போட்டி விதியில் சேர்த்துக்கொள்ள ஒரு வரி போதும்.

முழங்கால் இன்னொரு ஆபத்து. முழங்கால் மூட்டைப் பிடித்திருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். கோல்கீப்பருக்கு அது பெரும்பாலும் கிராஸ் பந்தை எடுத்துவிட்டு ஒற்றைக் காலில், முழங்கால் உள்பக்கம் சாய்ந்தபடி இறங்கும்போது நடக்கிறது. அறுவைக்குப் பின் திரும்ப ஒன்பது மாதம் முதல் ஓராண்டு. ஃபிஃபா வகுத்த இருபது நிமிட வெப்பமேற்றும் பயிற்சி வரிசை ஒன்று இருக்கிறது, காசு செலவில்லை. வாரம் இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் செய்தால் காயம் குறைகிறது என்பது பலமுறை உறுதியான விஷயம். இறங்கும்போது முழங்கால் பாதத்துக்கு நேரே இருக்கிறதா என்று ஒருவர் எதிரே நின்று பார்த்துத் திருத்த வேண்டும். பார்க்க ஆளில்லாமல் செய்தால் பாதிப் பலன்கூட இல்லை.

இதையெல்லாம் நம் ஊரில் எப்படிச் செய்வது என்று கேட்கலாம். பள்ளி அணியில் ஓட முடியாதவளையோ, வகுப்பிலேயே உயரமானவளையோ கோலில் நிறுத்துவதுதான் பழக்கம். இரண்டுமே தவறு. கோலில் நிற்பவளுக்குத் தேவை கால் வேகமும் பந்துக்குப் பயப்படாத மனமும். யூரோ 2025 இறுதியில் ஸ்பெயினின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்த இங்கிலாந்தின் ஹன்னா ஹாம்ப்டன் சிறுவயதில் முன்கள ஆட்டக்காரி. பிறவியிலேயே மாறுகண், தூரத்தைக் கணிக்கும் பார்வையில் குறை. கால்பந்து வேண்டாம் என்று மருத்துவர்கள் சொன்ன பெண். ஆங்கரரும் முன்கள ஆட்டக்காரியாகத் தொடங்கியவர்தான். இன்றைக்குக் கோல்கீப்பருக்குக் காலால் ஆடத் தெரியாவிட்டால் பெரிய அணியில் இடமில்லை. ஆகவே பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை களத்திலும் ஆடட்டும், கோலிலும் நிற்கட்டும்.

அடுத்தது தரை. நம் பள்ளிகளில் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையுமான மைதானம். அதில் பாயச் சொன்னால் எந்தக் குழந்தையும் தயங்கும். தயக்கத்தோடு பாய்பவள் கையை ஊன்றி முழங்கையில் விழுவாள், தோள் போகும். ஆனால் பள்ளிக்குப் பள்ளி நீளம் தாண்டும் மணல் குழி இருக்கிறது. மணலைக் கிளறி, கல் பொறுக்கி, லேசாக நீர் தெளித்து அங்கே தொடங்கலாம். முதல் வாரம் மண்டியிட்ட நிலையில், பக்கத்தில் உருட்டிவிடும் பந்துக்கு. அடுத்து குந்திய நிலையில். மூன்றாம் நான்காம் வாரம்தான் நின்றபடி. தரையைத் தொடும் வரிசை இதுதான்: கெண்டைக்காலின் பக்கம், தொடை, இடுப்பு, விலா, கடைசியில் தோள். பந்து கைக்கும் தரைக்கும் நடுவே தானே ஒரு மெத்தையாகும். நேர்ப் பக்கவாட்டில் பாயாமல், சற்று முன்னே சாய்வாகப் பாய வேண்டும். பின்னே பாய்ந்தால் பிடித்த பந்தும் கோட்டுக்குள் போய்விடும். இது கைவந்த பிறகே புல்லுக்கு.

கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணனின் பழைய கையுறையைக் கொடுத்துவிட்டுப் பந்து நழுவுகிறது என்று திட்டுவதில் பயனில்லை. விரல் நுனிக்கு மேலே அரை சென்டிமீட்டர் இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் நுனி மடங்கி விரல் சுளுக்கும். உள்ளங்கையில் மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் லேடெக்ஸ், அதாவது பந்தைப் பிடிக்கும் மென்மையான ரப்பர், இருக்க வேண்டும். வழுவழுப்பான மலிவு ரப்பர் வெயிலில் கண்ணாடிபோல் ஆகிவிடும். ஆட்டத்துக்கு முன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட வேண்டும், காய்ந்த லேடெக்ஸ் பிடிக்காது. ஆட்டம் முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். கொடியில் வெயிலில் போட்டால் ஒரு மாதத்தில் வெடித்துவிடும். பயிற்சிக்கு ஒரு ஜோடி, ஆட்டத்துக்கு ஒரு ஜோடி. அணிக்குப் பதினாறு சட்டை தைக்கும் செலவில் இது சிறு பங்கு.

நேரமும் பெரிதாக வேண்டாம். வாரம் மூன்று நாள், அணிப் பயிற்சிக்கு முன் தனியாக இருபத்தைந்து நிமிடம். ஐந்து நிமிடம் பிடிப்பு: மார்புக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் கிட்டே சேர்ந்து, விரல்கள் மேல்நோக்கி, கீழே வரும் பந்துக்குச் சுண்டுவிரல்கள் சேர்ந்து, விரல்கள் கீழ்நோக்கி. பத்து நிமிடம் கால் அசைவும் நின்று எதிர்கொள்வதும். மீதி நேரம் அன்றைய பாடம்: ஒரு நாள் பாய்ச்சல், ஒரு நாள் கிராஸ், ஒரு நாள் காலால் பாஸ். களைத்த பிறகு நூறு பந்தைச் சரமாரியாக உதைத்து உருட்டிவிடுவது பார்க்கக் கடுமையாக இருக்கும், கற்றுக்கொடுப்பது பிழையான விழுதலை மட்டும். எட்டுப் பந்து, ஓய்வு, மறுபடி எட்டு. அவ்வளவே.

நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அதிதி சௌகான், ஏர்ப்ஸ் படித்த அதே லஃப்பரோவில் படித்து, 2015-ல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணிக்கு ஆடினார். இங்கிலாந்து லீகில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர். 2025-ல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என வென்று ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றபோது, கோலில் நின்றவர் மணிப்பூரின் பந்தோய் சானு. சங்கீதா பாஸ்ஃபோர் அடித்த இரண்டு கோலை எல்லாரும் எழுதினார்கள். தமிழகத்தின் சௌமியா நாராயணசாமி 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியின் மூன்று கோல்கீப்பர்களில் ஒருவர். தமிழ்நாடு 2018-லும் 2023-லும் தேசியப் பெண்கள் பட்டத்தை வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது. அந்த வெற்றிகளில் கோல் அடித்தவர்களின் பெயர் பலருக்குத் தெரியும். கோலில் நின்றவர் பெயரைக் கேட்டால் யோசிப்பார்கள்.

இங்கேதான் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழில் வரும் பெண்கள் ஆட்டச் செய்திகளில் கோல் அடித்தவர் பெயரும் நிமிடமும் தவறாமல் இருக்கின்றன. இரு அணிகளின் கோல்கீப்பர் பெயரையும் அதோடு சேர்த்துப் போடுங்கள். கோல் விழுந்தது எப்படி என்று எழுதும்போது, “கோல்கீப்பர் கோட்டைவிட்டார்” என்று எழுதுமுன் செய்தியாளர் மூன்று விஷயம் பார்க்கட்டும்: உதைத்தவர் முன்னே தடுப்பவர் யாராவது இருந்தாரா, உதைத்த கணத்தில் கோல்கீப்பரின் இரண்டு கால்களும் தரையில் இருந்தனவா, பந்து யார் மேலாவது பட்டுத் திசை மாறியதா. பயிற்சியாளரைப் பேட்டி எடுக்கும்போது, அணிக்குத் தனிக் கோல்கீப்பர் பயிற்சியாளர் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்றும் கேட்கட்டும். இல்லை என்ற பதில் நாலு முறை அச்சில் வந்தால் ஐந்தாம் முறைக்குள் யாரையாவது நியமித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
பெண்கள் அணிகளின் கோல்கீப்பர் பயிற்சியாளர்கள்,
மதுரை.